நீரேந்து நிலமும் அதன் மக்களும்: பூண்டுலோயாவை முன்வைத்துச் சில கருத்துகள்

ஓர் ஆற்றின் வரலாறு பெரும்பாலும் அது பாய்ந்து வளப்படுத்திய சமவெளியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. குளமும் வாய்க்காலும் வயலும் அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. மழை முதலில் வீழ்ந்த மலைச்சரிவும், அச்சரிவிலே வாழ்ந்து உழைக்கும் மாந்தரும் அதில் இடம்பெறுவது அரிது. இலங்கையின் நீர்க்கொள்கையும் இப்போக்கிலேயே வளர்ந்துள்ளது என்பது எமது கருத்தாகும். நுவரெலியா மாவட்டத்தின் கொத்மலைப் பகுதியில் அமைந்துள்ள பூண்டுலோயாப் பள்ளத்தாக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நீரேந்து நிலம் பற்றிய அறிவியல் யாது கூறுகின்றது என்பதையும், அவ்வறிவு கொள்கையாக உருப்பெறும்போது எவ்விடத்தில் தடைப்படுகின்றது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

பள்ளத்தாக்கிலிருந்து கடல்வரை

சிங்கள மொழியில் 'ஓயா' என்பது சிற்றாற்றைக் குறிக்கும். ஆற்றின் பெயரே அதன் கரையில் எழுந்த ஊருக்கும் வழங்கலாயிற்று. நுவரெலியா மலைத்தொடரின் மேற்குப்புறச் சரிவுகளிற் பெய்யும் மழையைத் திரட்டிக்கொண்டு பூண்டுலோயா ஆறு கொத்மலை ஓயாவைச் சென்றடைகின்றது. கொத்மலை ஓயாவோ ஹோட்டன் சமவெளியில் ஊற்றெடுத்து வரும், மகாவலி கங்கையின் முதன்மையான கிளையாறு. 1985 ஆம் ஆண்டில் நிறைவுற்ற கொத்மலை நீர்த்தேக்கம் இவ்வாற்றை மறித்தே கட்டப்பட்டது. ஏறக்குறைய 174 மில்லியன் கனமீற்றர் நீரைக் கொள்ளத்தக்க அத்தேக்கத்திலிருந்து 201 மெகாவாற் வலுவுள்ள மின்னிலையத்தை இயக்கிவிட்டு மகாவலியிற் சேரும் நீர், பொல்கொல்லையில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளைக்கும், பின்னர் போவத்தென்னையினூடாகக் கலாவாவி முதலிய வறண்ட வலயக் குளங்களுக்கும் செல்கின்றது. மறுபகுதி விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை ஆகிய தேக்கங்களைக் கடந்து மினிப்பையில் வயல்களுக்கு நீரளித்து, எஞ்சியது திருகோணமலைக்கு அண்மையிற் கடலோடு கலக்கின்றது.

ஆகவே பூண்டுலோயாவின் ஒரு தேயிலைச் சரிவில் வீழும் மழைத்துளி, கொழும்பில் எரியும் மின்விளக்குக்கும் அநுராதபுரத்தில் விளையும் நெல்லுக்கும் உறவுடையது. அச்சரிவில் நிகழும் கேடும் அவ்வாறே நெடுந்தொலைவு பயணஞ் செய்யும். நீரேந்து நிலம் என்னும் கருத்தின் அடிப்படை இவ்வுறவேயாகும்.

மலை நீரைச் சேமிக்கும் முறை

சுற்றியுள்ள மலைமுகடுகளை இணைத்து ஒரு கோடு வரைவோமாயின், அக்கோட்டுக்கு உட்பட்ட நிலப்பரப்பில் வீழும் மழை முழுவதும் ஒரே ஆற்றை நோக்கி இறங்கும். அந்நிலப்பரப்பே அவ்வாற்றின் நீரேந்து நிலம். கூரையில் வீழ்ந்த மழை பீலியில் ஒழுகுவதுபோல இது தோன்றலாம். ஆனால் நல்ல நிலையிலுள்ள மலைச்சரிவு கூரையைப்போல் இயங்குவதில்லை. அது நீரை ஏற்று, உள்ளே இருத்தி, மெல்ல மெல்ல வெளியிடுகின்றது.

ஒரு ஹெக்டேயர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 10,000 லீற்றர் நீராகும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது இச்சரிவுகளிற் புதுமையன்று. அந்நாளில் ஒவ்வொரு ஹெக்டேயரும் பத்து இலட்சம் லீற்றர் நீரைப் பெறுகின்றது. இந்நீர் எங்கே செல்கின்றது என்பதை மேல்மண்ணே தீர்மானிக்கின்றது. இலைச்சருகும் மக்கிய பொருளும் வேர்த்துளைகளும் மண்புழுக்கள் அமைத்த வழிகளும் நிறைந்த மண், மழையை உள்ளே இழுத்துக்கொள்கின்றது. உள்ளிறங்கிய நீர் பாறைப் பிளவுகளில் தங்கி, வாரங்களும் மாதங்களும் கழித்து ஊற்றாக வெளிப்படுகின்றது. தை, மாசி மாதங்களில் மழையற்ற நாள்களிலும் ஓடை வற்றாதிருப்பது இதனாலேயே. மேல்மண் இறுகியோ கழுவப்பட்டோ போயின், அதே மழை மேற்பரப்பில் ஓடிச் சில மணி நேரத்தில் வெள்ளமாகி, மண்ணையும் உடன்கொண்டு செல்கின்றது. ஆண்டு மழையின் மொத்த அளவு மாறாவிடினும், மாரியில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் ஒரே சரிவில் தோன்றுவதன் காரணம் இதுவே.

இங்கு ஒரு தவறான எண்ணத்தையும் நீக்குதல் வேண்டும். மரம் நட்டால் நீர் பெருகும் எனப் பொதுவாகச் சொல்லப்படுகின்றது. மரமும் நீரை அருந்தும். விரைந்து வளரும் மரங்கள் மிகுதியாக அருந்தும். உயர்மலையின் இயற்கைக் காடு முகிலிலிருந்தும் பனிமூட்டத்திலிருந்தும் ஈரத்தைப் பிடித்து நிலத்துக்குத் தருகின்றது. அடுக்கடுக்கான அதன் தாவரங்களும் சருகும் மண்ணைத் திறந்த நிலையில் வைத்திருக்கின்றன. தேயிலை உலர்த்தும் விறகுக்காக நடப்பட்ட யூக்கலிப்டஸ் தோப்பும், 1970களிலும் 1980களிலும் புற்றரைகளில் நடப்பட்ட பைனஸ் தோப்பும் அத்தகைய பணியை அவ்வாறே ஆற்றுமென எதிர்பார்த்தல் இயலாது. எவ்விடத்தில் எம்மரம் என்பதே கேள்வி.

காடு வெளியேறிய வரலாறு

பூண்டுலோயாவின் நிலம் இன்றைய வடிவத்தைப் பெற்றது பிரித்தானியர் ஆட்சியிலே. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் தொடர்பான கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டப்படாத காடுகளையும் தரிசுகளையும் அரசுடைமையாகக் கருதியது. அவை குறைந்த விலைக்குத் தோட்டக்காரர் கைக்குச் சென்றன. முதலிற் கோப்பி வந்தது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் அதே சரிவுகளில் தேயிலை பரவியது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கொணரப்பட்ட உழைப்பாளர் காட்டை வெட்டினர், எரித்தனர், கன்று நட்டனர்.

இவ்வழிவின் விளைவை அன்றைய அறிவியலாளர் அறியாதிருக்கவில்லை. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஜோசப் டால்டன் ஹூக்கரின் ஆலோசனையை ஏற்று, 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிப்பதைத் தடுக்கும் நிருவாகக் கட்டளை 1873 இற் பிறப்பிக்கப்பட்டது. மகாவலியின் தலைப்பகுதியில் இன்று எஞ்சியுள்ள காடுகள் பெருமளவு இக்கட்டளைக்குக் கடமைப்பட்டவை. ஆனால் அக்கோட்டுக்குக் கீழே மூலதனத்தின் கை கட்டுப்படவில்லை.

இப்பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற தோட்டங்களுள் ஒன்றின் பெயர் டன்சினன். அது ஸ்கொத்லாந்திலுள்ள ஒரு குன்றின் பெயர். சேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில், பர்னாம் காடு டன்சினன் குன்றை நோக்கி வரும்வரை மன்னனுக்குத் தோல்வியில்லை எனக் குறிசொல்லப்படுகின்றது. பூண்டுலோயாவின் டன்சினனில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு. அங்கிருந்து காடு வெளியேறியது.

காடு போன இடத்தில் மண்ணுக்கு நேர்ந்த பெருந்தீங்கு களையெடுக்கும் முறையால் விளைந்தது. ஒரு புல்லும் நில்லாதவாறு தேயிலை நிலத்தைத் துடைத்தாற்போல் வைத்திருப்பதே நல்ல நிருவாகம் எனத் துரைமார் நெடுங்காலம் கருதினர். 'சுரண்டி' எனத் தோட்டங்களில் வழங்கும் கருவி புல்லோடு மேல்மண்ணையும் சுரண்டியது. அடுத்த மழை அதனைக் கழுவிச் சென்றது. 1980களில் மலைநாட்டு மண்ணரிப்புப் பற்றி வெளிவந்த ஆய்வுகள், மூடாக்குக் குறைந்த பழைய விதைத்தேயிலை நிலங்களில் ஆண்டுக்கு ஹெக்டேயருக்கு 40, 50 தொன் அளவில் மண் இழக்கப்படக் கூடுமென்றும், செடிகள் நெருங்கி மூடி நன்கு பராமரிக்கப்படும் நிலத்தில் அவ்விழப்பு ஒரு தொன்னிலும் குறைவாயிருத்தல் கூடுமென்றும் காட்டின. குற்றம் தேயிலைச் செடியில் இல்லை. அது வளர்க்கப்படும் முறையிலே உள்ளது என்பதற்கு இவ்வேறுபாடு தக்க சான்றாகும்.

1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம், மண்ணரிப்புக்கு உட்படும் பிரதேசங்களைப் பிரகடனஞ் செய்து ஒழுங்குவிதிகளை விதிக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. 1996 இல் அது திருத்தவும் பட்டது. ஆயினும் சட்டத்தின் சொல்லைச் சரிவில் நிறைவேற்றுவது கூலிக்கு நிற்கும் கைகளே. சமவுயரக் கோட்டில் கான் வெட்டுதல், வெட்டிய கானைத் தூர்வாருதல், கல்லணை அடுக்குதல், கவ்வாத்து வெட்டிய மிலாறை மண்ணின்மேற் பரப்புதல், சவுக்கு எனத் தோட்டங்களில் அழைக்கப்படும் கிரவில்லியா மரத்தை நிழலுக்கு நாட்டுதல் ஆகிய யாவும் உழைப்பாகும். தேயிலை விலை வீழும் ஆண்டுகளில் முதலிற் குறைக்கப்படும் செலவும் இவ்வுழைப்புக்கானதே. கொழுந்து பறிப்பதை நிறுத்தினால் வருமானம் உடனே குறையும். கான் வெட்டுவதை நிறுத்தினால் நட்டம் பல ஆண்டுகளின் பின்னரே, அதுவும் வேறொருவர் கணக்கில், தோன்றும்.

அந்த 'வேறொருவர் கணக்கு' எது என்பதைப் பொல்கொல்லை காட்டியது. 1976 இல் இயங்கத் தொடங்கிய அத்தேக்கம், 1988 ஆம் ஆண்டளவில் தன் கொள்ளளவில் ஏறத்தாழ 44 சதவீதத்தை வண்டலுக்கு இழந்திருந்தது. தோட்டமும் புகையிலைக் காணியும் சேனையும் வீதி வெட்டும் யாவும் இதற்குப் பங்களித்தன. மேலே மிச்சம் பிடித்த கூலி, கீழே தேக்கத்தின் ஆயுளிலிருந்து கழிக்கப்பட்டது எனக் கூறுவது பொருந்தும்.

மண்சரிவுகள் இதே கதையின் கடும்வடிவம். செங்குத்தான சரிவில் வடிகால் தூர்ந்து, நீர் வெளியேற வழியின்றி மண்ணுள் நிறையும்போது சரிவு தன் பிடிப்பை இழக்கின்றது. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகள் மண்ணுள் புதையுண்டமையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலைநாட்டின் பல மாவட்டங்களில் நேர்ந்த பேரழிவும் நினைவிலிருந்து அகலத்தக்கன அல்ல. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு, 150 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற்றம் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவுகோல் வகுத்துள்ளது. ஆயின் வெளியேறி எங்கே செல்வது என்பதற்கு, தனக்கென ஒரு துண்டு நிலமும் இல்லாத குடும்பத்திடம் விடையில்லை.

ஊற்றின் அருகே உரிமையற்றோர்

தோட்டமக்களின் குடிநீர் நெடுங்காலமாகப் பீலியிலிருந்தே வந்துள்ளது. மலையின் ஊற்றொன்றைக் குழாயிலோ தகரத்திலோ இறக்கி, லயத்துக்கு அண்மையில் ஒழுகவிடும் அப்பீலி, முன்னே நாம் கூறிய நீரேந்து அறிவியலின் இறுதி விளைபொருள். மேற்சரிவில் மண் கெட்டால் பீலி மாசியில் மெலியும். மேற்சரிவில் உரமும் களைநாசினியும் மிகுந்தால் அவை பீலியை அடையும். அதன் முதற் சுமையைத் தாங்குவோர் நீர் சுமக்கும் பெண்கள். ஓர் ஊற்று எவ்வாண்டு முதல் மெலிந்தது, எக்கானை அடைத்தபின் எச்சரிவு கசியத் தொடங்கியது என்பனவற்றை அவர்கள் அறிவர். எந்த நீரியல் வரைபடத்திலும் அவ்வறிவு ஏறியதில்லை.

இதற்குக் காரணம் சட்டத்திலும் நிருவாகத்திலும் உள்ளது. தோட்டம் ஒரு தனியாட்சி போல் இயங்கி வந்தது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும் 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் மாறியது. உடைமை மாறியபோதிலும், குடியிருப்பும் குடிநீரும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு என்ற எண்ணம் மாறவில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் பிரச்சினை 2003 ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே பெரிதும் தீர்ந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நடைமுறையில் நின்றது. அது திருத்தப்பட்டது 2018 இலேயே. வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, வாக்களித்தவரின் பீலியைச் செப்பனிட இயலாதிருந்த முரண்பாடு மூன்று தசாப்தங்கள் நீடித்தது.

கொள்கை எங்கே தவறுகின்றது

1968 இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் உதவியோடு வரையப்பட்ட மகாவலித் திட்டம் முப்பது ஆண்டுகளில் 900,000 ஏக்கர் நிலத்துக்கு நீரளிக்க எண்ணியது. 1977 இன் பின்னர் அது துரிதப்படுத்தப்பட்டது. கொத்மலைத் தேக்கத்துக்காக ஏறக்குறைய 3,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அணைகட்டும் வேகத்தில் நீரேந்து நிலத்தின் பாதுகாப்பு பின்தங்கியது. நாட்டின் நீர்மின் வளர்ச்சிக்கு மலையகம் 1950 இன் லக்சபானை முதல் நீரும் நிலமும் அளித்தது. லயன் காம்பராக்களுக்கு மின்சாரமோ பல தசாப்தங்கள் பிந்தியே வந்தது.

யப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறி 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம் இப்பகுதியை நேராகத் தொட்டது. தலவாக்கலையில் மறிக்கப்படும் கொத்மலை ஓயா, ஏறக்குறைய 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக நியம்கம்தொரவிலுள்ள 150 மெகாவாற் நிலத்தடி மின்னிலையத்தை அடைகின்றது. சென். கிளயர் நீர்வீழ்ச்சியின் எழில் குறித்து நாடளாவிய விவாதம் எழுந்தது, அது நியாயமானதே. அணைக்கும் மின்னிலையத்துக்கும் இடைப்பட்ட ஆற்றை அண்டி வாழ்வோரின் நீருரிமை குறித்து அத்தகைய விவாதம் எழவில்லை. மலையைக் குடைவதன் ஆபத்தை உமா ஓயாத் திட்டம் பின்னர் உணர்த்தியது. 2014 இன் இறுதியில் பண்டாரவளைப் பகுதியில் சுரங்கத்துள் நீர் பெருக்கெடுத்தபோது மேற்பரப்பில் ஊற்றுகளும் கிணறுகளும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. அத்திட்டம் 2024 இல் திறந்துவைக்கப்பட்டது.

தேசிய நீர்வளக் கொள்கையொன்று 2000 ஆம் ஆண்டில் அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்றது. நீர் விற்பனைப் பண்டமாக்கப்படும் என்ற அச்சத்தால் எழுந்த எதிர்ப்பின் முன் அது நிலைக்கவில்லை. 2003 இன் நீர்ச் சேவைகள் சீர்திருத்தச் சட்டமூலம், மாகாண சபைகளின் கருத்தைப் பெறாது நிறைவேற்றத் தக்கதன்று என உயர் நீதிமன்றம் கருதியதால் கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பு மக்கள் நலன் சார்ந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும் இரு தரப்பாரின் வாதத்திலும் மையமாக நின்றவர் வாய்க்காலின் கீழுள்ள விவசாயியும் குழாயின் முனையிலுள்ள நகரவாசியுமே. நீரேந்து நிலத்தின் உழைப்பாளி எவர் வாதத்திலும் ஒரு தரப்பாகத் தோன்றவில்லை.

ஓர் அயல்நாட்டு அனுபவம்

மேல்நிலத்து மக்களை ஒரு தரப்பாக ஏற்றால் யாது நிகழும் என்பதற்கு இந்தியாவின் ஹரியானா மாநிலத்தில் ஒரு சான்று உண்டு. சண்டிகார் நகருக்காக 1958 இல் அமைக்கப்பட்ட சுக்னா ஏரி, சில ஆண்டுகளிலேயே வண்டலால் தூரத் தொடங்கியது. அவ்வண்டல் சிவாலிக் குன்றடியிலுள்ள சுக்கோமாஜ்ரி என்னும் சிற்றூரின் வெற்றுச் சரிவுகளிலிருந்து வருவதாக மண் பாதுகாப்பு ஆய்வாளர் பி. ஆர். மிஸ்ராவும் அவரது குழுவினரும் கண்டனர். மேய்ச்சலைத் தடுக்கும் கட்டளை பயன்தரவில்லை. 1970களின் பிற்பகுதியில், மழைநீரைத் தேக்கும் சிறு மண்ணணைகள் அவ்வூரிலேயே கட்டப்பட்டன. அந்நீரில் நிலமுள்ளோர், நிலமற்றோர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமபங்கு உண்டு என ஊரவர் முடிவுசெய்தனர். தமக்கும் பங்குள்ள நீரைக் காக்க மக்கள் தாமே சரிவில் மேய்ச்சலை நிறுத்தினர். சரிவு பசுமையுற்றது, ஏரிக்குச் சென்ற வண்டல் பெருமளவு குறைந்தது.

பூண்டுலோயாவும் சுக்கோமாஜ்ரியும் ஒன்றல்ல. அங்கு ஊரவர் சிறு உழவர். இங்கு கூலி உழைப்பாளர், நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது. ஆயினும் நீரில் உரிமையுள்ளோனே நீரேந்து நிலத்தைக் காப்பான் என்னும் பாடம் இரண்டுக்கும் பொது.

செய்யத்தக்கன

இவற்றின் அடிப்படையில் நான்கு கருத்துகளை முன்வைக்கின்றோம். முதலாவதாக, நீரைத் திட்டமிடும் அலகு நீரேந்து நிலமாதல் வேண்டும். பூண்டுலோயா ஆற்றின் முகடுமுதல் சங்கமம்வரை அமைந்த தோட்டங்களும் சிங்களக் கிராமங்களும் நகரும் ஒரே அவையில் இடம்பெறவேண்டும். மகாவலி அதிகாரசபை, பிரதேச சபை, கம்பனிகள் ஆகியவற்றோடு தொழிலாளரும், குறிப்பாகப் பெண்களும், வாக்குரிமையுடைய உறுப்பினராதல் வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வோர் ஊற்றும் பீலியும் வரைபடத்தில் ஏற்றப்பட்டு, அவற்றின் மேற்சரிவு காப்புநிலமாக ஒதுக்கப்படவேண்டும். தோட்டக் குத்தகைகளில் இது கட்டாய நிபந்தனையாதல் வேண்டும். மூன்றாவதாக, நீர்மின் வருவாயின் ஒரு சிறுபங்கு நீரேந்து நிலத்துக்குத் திரும்பி, கான் வெட்டும் உழைப்புக்கும் கல்லணைக்கும் காடு மீட்புக்கும் கூலியாக வழங்கப்படவேண்டும். நான்காவதாக, புதிய வீடமைப்பு நீர்த்திட்டத்தோடு இணைதல் வேண்டும். டன்சினனில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 404 வீடுகள் 2018 இற் கையளிக்கப்பட்டன. லயனிலிருந்து தனிவீட்டுக்குச் செல்வது பெருமுன்னேற்றம். ஆனால் எச்சரிவில் வீடு, எவ்வூற்றில் நீர், எங்கே கழிவு என்ற கேள்விகள் அத்திவாரத்துக்கு முன்னரே கேட்கப்படவேண்டும்.

தேயிலைத் தொழில் நெருக்கடியிலுள்ளபோது இச்செலவை யார் ஏற்பது எனக் கேட்கப்படலாம். அது புறக்கணிக்கத்தக்க வினா அன்று. ஆனால் செலவு இப்பொழுதும் செலுத்தப்பட்டே வருகின்றது: தூர்ந்த தேக்கமாகவும், வற்றிய பீலியாகவும், மண்சரிவு நிவாரணமாகவும், சில வேளைகளில் உயிராகவும். எவர் செலுத்துகின்றார் என்பதே மாறவேண்டியது.

கொத்மலைத் தேக்கத்தின் நீர்மட்டம் நாள்தோறும் அளந்து பதியப்படுகின்றது. மின்னுற்பத்திக்கு அது இன்றியமையாதது. பூண்டுலோயாவின் ஒரு லயத்துப் பீலி மாசி மாதத்தில் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் தருகின்றது என்பதும் அதே அக்கறையுடன் பதியப்படுமாயின், நீரேந்து அறிவியல் இந்நாட்டின் நீர்க்கொள்கையில் உண்மையாகவே இடம்பெற்றுவிட்டது எனக் கொள்ளலாம்.